வெக்ட் நதியோரம் ஒரு நாள் சவாரி

நெதர்லாந்து தேசத்தைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ரைன் நதியின் பெருங்கிளைகளாகிய வால், லெக் ஆகியவற்றின் கரைகளையே பெரும்பாலும் முதலில் நாடுகிறார்கள். அவை கம்பீரமான நதிகள் என்பதில் சந்தேகமில்லை. உயர்ந்த மண்ணணையின் மேல் ஏறி நின்றால் ஒருபுறம் சரக்குக் கப்பல்கள் வரிசையாகச் செல்வதையும், மறுபுறம் நதியின் மட்டத்துக்குத் தாழ்ந்து கிடக்கும் புல்வெளிகளையும் ஒருங்கே காணலாம். ஆயினும் அந்த அணைகளின்மேல் நிழல் அபூர்வம். எதிர்க்காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் அதைத் தடுக்க ஒரு வேலியும் இராது. கையில் ஒரே ஒரு நாளை வைத்துக்கொண்டு, தூரத்தை முடித்தோம் என்ற பெருமையைக் காட்டிலும் பார்த்தோம், ரசித்தோம் என்ற திருப்தியையே பெரிதாக நினைக்கிறவர் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், உட்ரெக்ட் நகரத்தில் தொடங்கி வடக்கு நோக்கி வளைந்து வளைந்து சென்று மௌடன் என்னும் பழைய துறைமுகத்தில் முடிகிற வெக்ட் என்ற சிற்றாற்றையே நான் சிபாரிசு செய்வேன். கரையோரமாகப் போனால் வழி 40 முதல் 45 கிலோமீட்டர் வரை ஆகும். அங்கிருந்து ரயில் நிலையத்துக்குத் திரும்பும் தூரத்தையும் சேர்த்தால்கூட 50 கிலோமீட்டரில் அடங்கிவிடும்.

இந்த நதியை மெதுவாகத்தான் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆம்ஸ்டர்டாமின் பெருவணிகர்கள் கோடைகாலத்தில் நகரத்துக் கால்வாய்களின் துர்நாற்றத்துக்குத் தப்பி வாழ்வதற்காக இக்கரைகளில் மாளிகைகள் கட்டிக்கொண்டார்கள். அந்த நாளில் உட்ரெக்டுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இடையே ஜனங்கள் பிரயாணம் செய்தது, கரையில் நடக்கும் குதிரை கயிற்றினால் இழுத்துச் செல்லும் படகில். மணிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் வேகத்தில் அசைந்து போகும் அந்தப் படகில் அமர்ந்திருப்பவன் கண்ணாரக் கண்டு வியக்க வேண்டும் என்பதற்காகவே மாளிகைகளின் முகப்பும், இரும்பு வாயிற்கதவுகளும், நீர்விளிம்பில் நிற்கும் சிறிய தேநீர் மண்டபங்களும் நதியை நோக்கி அமைக்கப்பட்டன. பக்கத்து நெடுஞ்சாலையில் காரில் விரைகிறவனுக்கு இவை அகப்படுவதில்லை. அந்தப் பழைய படகின் வேகத்தை ஓரளவேனும் ஒத்துச் செல்லும் வாகனம் இன்று சைக்கிள் ஒன்றுதான். ஆகவே கால் வலிமையைக் காட்டுவதற்கு வேறு நதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

போகத் தகுந்த காலம் மே மாதம் முதல் செப்டம்பர் முடிய. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரையில் வெளிச்சம் இருக்குமாதலால், காலையில் சற்றுத் தாமதமாகப் புறப்பட்டாலும் மோசமில்லை. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது உத்தமம். அன்று பந்தய சைக்கிள்காரர்கள் கூட்டங்கூட்டமாக இதே ஒடுங்கிய பாதையில் பறந்து வருவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குவதிலேயே பாதி நேரம் போய்விடும். திங்கட்கிழமையில் கோட்டைகளும் காட்சிசாலைகளும் பல இடங்களில் மூடியிருக்கும். ஆகையால் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தேசத்தில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. தெற்கேயிருந்து வடக்கே போகும்படி இந்த அத்தியாயத்தில் வழியை அமைத்திருப்பதற்கு முக்கிய ஹேது அதுவே. மலையே இல்லாத நாட்டில் சைக்கிள்காரனுக்கு மேடு என்பது காற்றுத்தான். மழையைப் பற்றி முன்கூட்டி நிச்சயம் சொல்ல யாராலும் ஆகாது. காலையில் வெயில் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் மழைச்சட்டையைப் பையில் வைக்காமல் கிளம்பவேண்டாம்.

சைக்கிளுக்கு வருவோம். டச்சு ரயில்வேயார் நிலையங்களில் வாடகைக்கு விடும் நீலமும் மஞ்சளுமான சைக்கிள்கள் மலிவானவைதாம். ஆனால் அவற்றை எடுப்பதற்கு அந்நாட்டு ரயில்வேயின் சொந்தப் பெயர் அட்டையும் சந்தாவும் வேண்டியிருப்பதால், விருந்தினராக வந்தவர்களுக்கு அவை உபயோகப்படா. உட்ரெக்ட் நிலையத்தின் அருகிலுள்ள வாடகைக் கடைகளில் அடையாளச் சீட்டைக் காட்டி, முன்பணம் கட்டி எடுத்துக்கொள்வதே சௌகரியம். எடுக்கும்போது ஆசனத்தின் உயரத்தைக் கவனித்துச் சரிப்படுத்தச் சொல்லுங்கள். டச்சுக்காரர்கள் உலகத்திலேயே நெட்டையானவர்களில் சேர்ந்தவர்கள், அவர்களுடைய சைக்கிளும் அவர்களைப் போலவே இருக்கும். நம் ஊரில் பழகியவர்கள் எல்லாவற்றிலும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டியது பிரேக் விஷயத்தில். அநேக சைக்கிள்களில் கைப்பிடியில் பிரேக் இராது. பெடலைப் பின்புறமாக மிதித்தால் பின்சக்கரம் நிற்கும். சும்மா உருளும்போது காலைப் பின்னுக்குச் சுழற்றும் வழக்கமுள்ளவர் அந்தப் பழக்கத்தினாலேயே திடீரென்று நின்று, பின்னால் வருகிறவரைத் தம்மேல் மோத வைப்பார். கடைக்கு எதிரிலுள்ள சந்தில் நாலைந்து தடவை ஓட்டி, காலுக்கு அதைப் படிய வைத்த பிறகே சாலையில் இறங்குவது நல்லது. செயின் முழுவதும் பெட்டிபோன்ற கவருக்குள் அடங்கியிருப்பதால் புடவைக்கோ வேட்டிக்கோ எண்ணெய்க் கறை படாது என்பதையும் சொல்லி வைக்கிறேன். பூட்டு இரண்டு கொடுப்பார்கள்: சக்கரத்தோடு பொருந்திய வளையப் பூட்டு ஒன்று, கம்பத்தோடு பிணைக்கும் சங்கிலி ஒன்று. ஐந்து நிமிஷம் காப்பிக்கு நிறுத்தினாலும் இரண்டையும் போடவேண்டும். சட்டத்தைப் போற்றும் இத்தேசத்தில் சைக்கிள் திருட்டு மட்டும் சர்வசாதாரணம்.

சாலை நியதிகளில் பிரதானமானது, வலப்பக்கம் செல்வது. நேரான பாதையில் இது மறக்காது. ஒரு சந்தில் இடப்புறம் திரும்பியவுடனேதான் பழைய வாசனை தலைதூக்கி நம்மை எதிர்ப்புறத்தில் கொண்டுபோய் விடும். வெள்ளைச் சைக்கிள் வரைந்த நீல வட்டப்பலகை கண்டால் அது சைக்கிள் பாதை. அதில் செல்வது கட்டாயம். குறியில்லாத சந்திப்புகளில் வலப்புறமிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை. சாலையின் குறுக்கே வெள்ளை முக்கோணங்கள் வரிசையாகத் தீட்டியிருந்து, அவற்றின் கூர்முனை உங்களை நோக்கியிருக்குமானால், விட்டுக்கொடுக்க வேண்டியவர் நீங்கள். இருவர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டே செல்வதைச் சட்டம் அனுமதிக்கிறது. கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதை 2019 ஜூலை முதல் தடுத்திருக்கிறது. பின்னால் மணியோசை கேட்டால் கோபமாக எடுத்துக்கொள்ளாமல், வலப்புறமாக ஒதுங்கி விடவேண்டும்.

வழி தெரியாமல் தவிக்க இடமே இல்லை. 1883-இல் இதே உட்ரெக்ட் நகரத்தில் சைக்கிள்காரர்களின் சங்கமாகத் தோன்றிய ஆ.என்.வே.பே. என்னும் ஸ்தாபனம், தேசம் முழுவதும் வழிகாட்டிக் கம்பங்களை நாட்டியது. வெள்ளைப் பலகையில் சிவப்பெழுத்தில் ஊர்ப்பெயரும் தூரமும் காணப்படும். சில கிராமப் பாதைகளின் முனையில் காளான்போல் குட்டையாக நிற்கும் வெள்ளைக் குறிக்கற்களையும் பார்க்கலாம். குனிந்து படிக்க வேண்டியிருந்தாலும் அவற்றின் சொல் பொய்ப்பதில்லை. இவற்றைக் காட்டிலும் உல்லாசப் பிரயாணிக்கு உகந்தது எண் முறை. பாதைகள் சந்திக்கும் ஒவ்வோரிடத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அடுத்த எண் எத்திசையில் என்று பச்சைக் குறிகளால் காட்டியிருப்பார்கள். அண்டை நாடான பெல்ஜியத்தின் லிம்பர்க் பிரதேசத்தில் சுரங்க எஞ்சினியராக இருந்த ஹியூகோ போலன் என்பவர் 1990-களில் யோசித்து அமைத்த இம்முறை, பிறகு நெதர்லாந்து முழுவதும் பரவிவிட்டது. புறப்படுமுன் தேசப்படத்தில் பார்த்து, கடக்கவேண்டிய எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். எண்ணைத் தவறவிட்டாலும் கவலை வேண்டாம். நதி கண்ணில் தென்படும்வரையில் வழி தப்பியதாக அர்த்தமில்லை.

உட்ரெக்ட் நகரின் நடுவே ஓடும் பழைய கால்வாயின் ஓரமாக வடக்கே சென்றால் வேர்ட் மதகு வரும். வெக்ட் நதி பிறப்பது இவ்விடத்தில் என்று கணக்கு. கால்வாயின் இருமருங்கும் தெருமட்டத்துக்குக் கீழே, நீரோடு ஒட்டினாற்போல் நிலவறைகளும் துறைகளும் இருப்பது இந்நகரத்தின் விசேஷம். சரக்குகளைப் படகிலிருந்து நேரே நிலவறைக்கு உருட்டிவிட மத்திய காலத்து வணிகர்கள் செய்த ஏற்பாடு அது. நகர எல்லை கடக்கும்வரை வீடுகளும் படகு வீடுகளுமாகவே இருக்கும். அவசரமாகக் கடந்துவிடலாம்.

அரைமணி நேரத்துச் சவாரியில் ஔட்-ஸௌலன் என்ற சிற்றூரும் அதன் கோட்டை மாளிகையும் எதிர்ப்படும். இந்த நாளில் ஒரே ஒரு மாளிகைக்குள் நுழைந்து பார்க்க அவகாசமிருந்தால், அது இதுவாக இருக்கட்டும். பெல் வான் ஸௌலன் என்று தம் நாட்டாராலும், இஸபெல் த ஷாரியேர் என்று பிரெஞ்சு இலக்கிய உலகத்தாராலும் அழைக்கப்படும் எழுத்தாளர் 1740-இல் இங்கே பிறந்தார். பிரபு குலத்தில் பிறந்த இந்தப் பெண்மணி தம் இளமையில் எழுதிய முதற்கதையிலேயே பிரபு குலத்தின் வம்சப் பெருமையை நகையாடினார்; அதன் காரணமாகக் குடும்பத்தில் பெரிய மனத்தாங்கல் விளைந்தது. டாக்டர் ஜான்ஸனின் சரித்திரத்தை எழுதிப் புகழ்பெற்ற பாஸ்வெல், 1763-இல் சட்டம் படிப்பதற்காக உட்ரெக்டுக்கு வந்தபோது இவருடன் பழகி, பிறகு நெடுநாள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் உள்ளத்தில் கலியாண எண்ணமும் இருந்தது. ஆனால் தம்மைவிடக் கூர்மையான புத்தியுடைய பெண்ணோடு எப்படி வாழ்வது என்ற தயக்கமும் கூடவே இருந்தது. அம்மையாரோ யாருக்கும் அடங்கிய மனைவியாகத் தம்மால் இருக்க இயலாது என்பதை ஒளிக்கவில்லை. 1771-இல் வேறொருவரை மணந்து சுவிட்ஸர்லாந்துக்குக் குடிபோனார். மாளிகையைச் சுற்றிப் பார்த்த பின், தோட்டத்திலுள்ள பாம்புச் சுவரைப் பார்க்க மறக்கவேண்டாம். நேராகப் போகாமல் நெளிந்து நெளிந்து செல்லும் அச்செங்கற்சுவரின் வளைவுகளில் வெயில் தங்கி, காற்று தடைபடுவதால், குளிர் நாட்டில் எளிதில் பழுக்காத பீச், அத்தி, திராட்சை ஆகியவற்றை அங்கே வளர்க்க முடிந்தது. நெளிவே சுவருக்குப் பலமாகவும் அமைகிறது, முட்டுச்சுவர் வேண்டியதில்லை.

இங்கே பாலத்தைக் கடந்து கீழ்க்கரைக்குச் சென்றுவிட வேண்டும். அங்கேதான் ஸண்ட்பாட் என்னும் பழைய பாதை, படகுக் குதிரைகள் நடந்த அதே பாதை, நீரை ஒட்டியே செல்கிறது. மார்ஸன் முதல் ப்ரூக்கெலன் வரையுள்ள பகுதி இந்த நாளின் சாரம். எதிர்க்கரையிலும் நம் கரையிலும் மாளிகைக்குப் பின் மாளிகையாக வந்துகொண்டே இருக்கும். அவற்றின் தேநீர் மண்டபங்கள், ஆறு பக்கமோ எட்டுப் பக்கமோ உள்ள சின்னஞ்சிறு கட்டடங்கள், பாதி நீரின்மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். இவை பெரும்பாலும் இன்று தனியார் வாசஸ்தலங்கள். வெளியே நின்று பார்க்கலாமேயன்றி உள்ளே போகலாகாது. 1719-இல் டேனியல் ஸ்டோப்பெண்டால் என்ற சித்திரக்காரர் இக்கரைகளின் மாளிகைகளைச் செப்புத்தகட்டில் செதுக்கி ஒரு பெரிய படப்புத்தகம் வெளியிட்டார். அதில் கண்டவற்றில் பல அழிந்துபோயின, ஆயினும் மிஞ்சியிருப்பவை ஒரு காலத்தின் செல்வச்செருக்கை அறியப் போதுமானவை.

அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தமிழ் வாசகருக்கு எழாமல் போகாது. மார்ஸனிலுள்ள கௌடஸ்டைன் மாளிகை ஹௌடகூப்பர் குடும்பத்தாருடையதாக இருந்தது. அக்குடும்பத்து யோவான் ஹௌடகூப்பர் ஆம்ஸ்டர்டாமின் நகரத்தலைவராகவும், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகிகளில் ஒருவராகவும் இருந்தவர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டைகளை வைத்துக்கொண்டு சோழமண்டலக் கரையின் துணிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றிச்சென்றது அதே கம்பெனிதான். துணியும் மிளகும் இலவங்கமும் கொடுத்த லாபத்தில் ஒரு பங்கு இந்த ஆற்றங்கரையில் செங்கல்லாக நிற்கிறது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், அழகு குறைந்துவிடாது. ஆனால் பார்வை சற்று மாறும்.

ப்ரூக்கெலனுக்கு அருகே குண்டர்ஸ்டைன் மாளிகையின் எதிரில் சற்று நில்லுங்கள். 1672-இல் பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படை உட்ரெக்டைக் கைப்பற்றிய பிறகு இக்கரையிலிருந்த பல மாளிகைகள் தீக்கிரையாயின. குண்டர்ஸ்டைனும் அவற்றில் ஒன்று. மக்தலேனா பௌல் என்ற சீமாட்டி அதை 1680-ஐ ஒட்டிய வருஷங்களில் புதிதாகக் கட்டி, உஷ்ணப் பிரதேசத்துச் செடிகளைச் சூடுபடுத்திய கண்ணாடி வீட்டில் வளர்த்துப் பெயர்பெற்றார். ப்ரூக்கெலன் ஊரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. நியூயார்க்கின் புரூக்லின் பகுதிக்குப் பெயர் கொடுத்தது இந்தச் சின்ன ஊர். அதன் அருகிலுள்ள நெய்யன்ரோட கோட்டை இப்போது வணிகவியல் பல்கலைக்கழகமாக இருக்கிறது. மார்ஸனிலும் ப்ரூக்கெலனிலும் ரயில் நிலையங்கள் இருப்பதால், குழந்தைகளோடு வந்தவர்களும் களைத்தவர்களும் இங்கேயே சவாரியை முடித்துக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சிறந்த பகுதியைப் பார்த்தாகிவிட்டது.

மத்தியான ஆகாரத்துக்கு நதியோரத்துக் காப்பிக்கடை ஏதேனும் ஒன்று போதும். டச்சுக்காரர்கள் பகலில் சமைத்த சாப்பாடு சாப்பிடுவது குறைவு. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அவர்களுக்கு ஒரு வேளை. மாமிசம் சாப்பிடாதவர்கள் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியோ, அகலமான தட்டை நிரப்பும் பான்கேக்கோ கேட்கலாம். பட்டாணி சூப் என்ற பெயரைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. அதில் பன்றி இறைச்சி சேரும். ஆப்பிள் பணியாரம் மட்டும் எந்தக் கடையிலும் சோடை போகாது. லவங்கப்பட்டை மணக்கும் அந்தத் தடித்த துண்டை, மேலே அடித்த பாலேடு வைத்துத் தருவார்கள். குழாய்த் தண்ணீர் எங்கும் சுத்தமானது. குப்பியை நிரப்பிக்கொள்ளக் கேட்கத் தயங்கவேண்டாம். நோட்டும் நாணயமும் வாங்க மறுத்து, அட்டையை மட்டுமே ஏற்கும் கடைகள் பெருகிவருவதால் இரண்டையும் வைத்திருங்கள்.

மேற்கொண்டு வடக்கே போனால் நியூவர்ஸ்லௌஸ் என்ற இடத்தில் ஒரு கோட்டை வரும். உயர்ந்த மதில்களை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மண்மேடும் அகழியுமாக மரங்களுக்குள் மறைந்து கிடக்கிறது. ஆனால் இதன் தத்துவம் அபூர்வமானது. எதிரி வரும்போது மதகுகளைத் திறந்து, தாழ்ந்த புல்வெளிகளில் முழங்கால் அளவு நீரைப் பரப்பிவிடுவார்கள். காலாட்படை நடந்து கடக்க முடியாத அளவு ஆழம், அதே சமயம் படகு மிதக்கப் போதாத ஆழம். நீருக்கடியில் வாய்க்கால் எங்கே, வரப்பு எங்கே என்பதும் எதிரிக்குத் தெரியாது. 1672-இல் பிரெஞ்சுக்காரரை ஹாலந்து மாகாணத்துக்குள் நுழையவிடாமல் தடுத்தது இந்த உபாயமே. 19-ஆம் நூற்றாண்டில் அதே யுக்தியை மௌடனிலிருந்து தெற்கே பீஸ்போஸ் சதுப்புவரை சுமார் 85 கிலோமீட்டருக்கு நீட்டி, கோட்டைகளால் காவல் செய்தார்கள். விமானம் வந்தபின் அது பிரயோஜனமற்றுப் போயிற்று. 2021-இல் யுனெஸ்கோ இதை உலக பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்திருக்கிறது.

இதற்குப் பிறகு லூனன், வ்ரேலாண்ட், நிக்டவெக்ட் என்ற கிராமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றும் ஒரு மாதா கோயில் கோபுரம், ஒரு காற்றாலை அல்லது தூக்குப்பாலம், சில சுண்ணாம்படித்த வீடுகள் என்ற அளவில் அடங்கும். லூனன் கோபுரம் சற்றுச் சாய்ந்திருப்பதைத் தூரத்திலிருந்தே காணலாம். மாளிகைகள் குறைந்து, நதி இங்கே வெறும் வயல்வெளி ஆறாக மாறிவிடுகிறது. மொட்டையடித்த வில்லோ மரங்கள், நாணல், கொக்குப்போல் அசையாது நிற்கும் சாம்பல் நாரை, குஞ்சுகளை முதுகில் சுமந்து நீந்தும் முக்குளிப்பான் என்பவை துணைவருகின்றன. தூக்குப்பாலம் படகுக்காக உயர்ந்திருந்தால் இறங்கி நிற்க வேண்டியதுதான். உள்ளூர்க்காரர் ஒருவரும் அதைப் பற்றி முணுமுணுப்பதைக் காணமாட்டீர்கள்.

வேஸ்ப் நகரத்தைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, நேரே மௌடனுக்குப் போய்விடுங்கள். நதியின் முகத்துவாரத்தில் நிற்கும் செங்கற்கோட்டையை, ஹாலந்துப் பிரபு ஐந்தாம் ஃப்ளோரிஸ் 1285-ஐ ஒட்டிக் கட்டுவித்தார். 1296-இல் அவரைப் பகைத்த பிரபுக்கள் அவருடைய சொந்தக் கோட்டையிலேயே அவரைச் சிறைவைத்து, பிறகு வெளியே கொண்டுபோகையில் கொன்றுவிட்டார்கள். மூன்று நூற்றாண்டு கழித்துக் கதை வேறாயிற்று: 1609 முதல் 1647 வரை அதிகாரியாக இங்கே இருந்த பீட்டர் கார்னெலிஸ் ஹோஃப்ட் என்னும் கவி, தம் காலத்துப் புலவர்களையும் சங்கீத வித்வான்களையும் அழைத்து விருந்து செய்தார். கோட்டைக்குள் போக நேரமில்லாவிட்டாலும், ஊர் நடுவே உள்ள மதகின் அருகில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாய்மரப் படகுகள் ஏறி இறங்குவதைப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. 1932-இல் பேரணை கட்டி முடிக்கும்வரை இந்த மதகுக்கு அப்பால் உப்புக்கடல் அலையடித்தது. இப்போது இருப்பது நன்னீர் ஏரி.

மௌடனில் ரயில் நிலையம் இல்லை. சுமார் 5 கிலோமீட்டர் தெற்கே திரும்பி வேஸ்ப் நிலையத்தை அடைய வேண்டும். வேஸ்ப் பழைய கோட்டை நகரம். 2022-இல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சியோடு இணைந்துவிட்டது. நாட்டின் முதல் பீங்கான் தொழிற்சாலை 1759-இல் இங்கே தொடங்கியது. வான் ஹூட்டன் கோக்கோ 1850 முதல் இங்கே தயாராயிற்று. வாதுமை சேர்ந்த வேஸ்ப் பிஸ்கோத்தை ரொட்டிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். ரயிலில் சைக்கிளை ஏற்றுவதற்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு உண்டு: திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9 மணி வரையிலும், மாலை 4 முதல் 6.30 வரையிலும் அனுமதிப்பதில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்தத் தடை கிடையாது. ஆகவே மற்ற மாதங்களில் மாலை நாலுமணிக்கு முன் நிலையம் சேர இயலாதென்று தோன்றினால், அரக்கப்பரக்க மிதிக்காமல் வேஸ்ப் நதிக்கரையிலேயே இராச்சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆறரைக்கு மேல் ஏறுங்கள். சைக்கிள் படம் ஒட்டிய வாசல் உள்ள பெட்டியிலேயே ஏற்ற வேண்டும். உங்களுக்கு வாங்கிய டிக்கெட் சைக்கிளுக்குச் செல்லாது, அதற்குத் தனிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.